சான்றோடு பேசப் பழகுதல்: முதுகலை அரசியல் அறிவியல் எதைக் கற்பிக்க வேண்டும்?

அரசியல் அறிவியல் வகுப்புக்கு எந்த மாணவரும் வெறும் மனத்தோடு வருவதில்லை. வேதியியல் மாணவருக்கு மூலக்கூறின்மீது முன்கூட்டியே கோபமோ பாசமோ இருக்காது. அரசியல் மாணவருக்கோ கட்சி, சாதி, மொழி, தலைவர், தேர்தல் என எல்லாவற்றைப் பற்றியும் வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஊறிய கருத்து உண்டு. அந்த ஈடுபாடுதான் அவரை இந்தப் படிப்புக்கு இழுத்து வருகிறது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவிடாமல் தடுப்பதும் பல வேளைகளில் அதுவே. முதுகலைப் படிப்பு மாணவரின் கருத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அந்தக் கருத்து எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, எந்தச் சான்று கிடைத்தால் அதைக் கைவிட வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தால் போதும்.

இளங்கலைக்கும் முதுகலைக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் அதிகாரங்கள் எவை என்பது இளங்கலைக் கேள்வி. அந்த அதிகாரங்கள் ஏட்டில் இருந்தும் சில காலங்களில் ஏன் பயன்படாமல் கிடக்கின்றன என்பது முதுகலைக் கேள்வி. முன்னதற்கு நினைவாற்றல் போதும். பின்னதற்குச் சொல்லை எடைபோடுதல், ஆவணத்தை வாசித்தல், ஒப்பிடுதல், எண்ணைப் படித்தல், காரணத்தை நிறுவுதல், களத்தில் கேட்டறிதல், நியாயத்தை வாதிடுதல், எழுதுதல் ஆகிய பயிற்சிகள் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் நான்கு பருவப் பாடத்திட்டத்தில் மேலைச் சிந்தனை, இந்தியச் சிந்தனை, ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம் எனத் தாள்கள் பிரிந்து கிடக்கும். ஆய்வு முறையியல் பெரும்பாலும் தனியொரு தாளாக ஒரு மூலையில் இருக்கும். மேற்சொன்ன பயிற்சிகளோ எல்லாத் தாள்களுக்குள்ளும் ஓட வேண்டியவை.

சொல்லை எடைபோடுதல்

அரசியலின் சொற்கள் தெருவில் புழங்குபவை. ஆகவே அவை பொருள் மாறிக்கொண்டே இருக்கும். ‘வாக்கு வங்கி’ என்ற சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1955-இல் வெளியான கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். தம்மை அண்டிப் பிழைப்பவர்களின் வாக்குகளைத் திரட்டி ஒரு வேட்பாளரிடம் ஒப்படைக்கக்கூடிய ஊர்ப் பெரியவரைப் பற்றியது அவருடைய பேச்சு. அங்கே வாக்கு ஒரு புரவலரின் கையிருப்பு. இன்று அதே சொல், ஒரு சாதியோ மதமோ கூட்டாக ஒரு கட்சிக்கு வாக்களிப்பதாகக் கருதப்படும் நிலையைக் குறிக்கிறது. முதல் பொருளில் வாக்காளர் பிறரைச் சார்ந்திருப்பவர். இரண்டாம் பொருளில் அவர் தம் குழுவோடு சேர்ந்து தாமே முடிவெடுப்பவராகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு ஆய்வைத் தொடங்கும் மாணவர், எதை அளக்கிறோம் என்று தெரியாமலே அளந்துகொண்டிருப்பார்.

உத்தரமேரூர்க் கல்வெட்டு இன்னொரு பாடம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இவ்விரு சாசனங்களும் குடவோலை முறையை விவரிக்கின்றன. மேடைகளில் இது ‘ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி’ ஆகிவிடுகிறது. கல்வெட்டின் வாசகத்தையே கையில் எடுத்தால் காட்சி வேறு. ஊர் ‘குடும்பு’ எனப்படும் முப்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதப்படுபவருக்குக் கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதக் கல்வி வேண்டும். அதில் மேம்பட்டவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும், இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்க, ஒரு சிறுவன் எடுத்துத் தருவான். இப்படித் தேர்ந்தவர்களே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்குப் போயினர்.

இங்கே சுழற்சி உண்டு, கணக்குக் கேட்கும் பொறுப்பு உண்டு, சீட்டு எடுக்கும் முறை உண்டு. வாக்களிப்பு இல்லை. பெண்களும் நிலமற்றவர்களும் பிராமணர் அல்லாதாரும் இல்லை. ஆகவே மக்களாட்சியா இல்லையா என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வதைவிட, மக்களாட்சி என்ற கருத்தாக்கத்தின் எந்தெந்தக் கூறுகள் இதில் உள்ளன, எவை இல்லை என்று பிரித்துச் சொல்வதே துறைசார்ந்த விடை. சொல்லை எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு இழுத்துக்கொண்டே போனால் அது எதையும் குறிக்காமல் போய்விடும் என்று இத்தாலிய அறிஞர் ஜொவான்னி சார்த்தோரி 1970-இல் எழுதிய கட்டுரை எச்சரிக்கிறது. முதல் பருவத்திலேயே படிக்க வேண்டியது அது.

தமிழில் சிந்திக்கும் மாணவருக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்டேட், கவர்ன்மென்ட் என்று பிரித்துச் சொல்லப்படும் இரண்டையும் தமிழில் ‘அரசு’ என்றே வழங்குகிறோம். ஆட்சி மாறினாலும் நிலைத்திருக்கும் அமைப்பு ஒன்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடிய அமைச்சரவை இன்னொன்று. ‘அதிகாரம்’ என்ற சொல்லும் அப்படியே: பிறரைப் பணியவைக்கும் வலிமையையும், பணிவது முறை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமையையும் அது ஒருங்கே சுமக்கிறது. கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எந்தப் பொருளில் சொல்லை ஆள்கிறோம் என்று வரையறுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

மூல ஆவணத்தை வாசித்தல்

அரசமைப்புச் சட்டத்தைக் கையேட்டின் சுருக்கத்தில் மட்டுமே அறிந்த மாணவர் முதுகலை முடித்தும் வெளியேறுகிறார். மூலத்தை வாசிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 356-ஆம் உறுப்பு ஒன்றே போதும். ஒரு மாநிலத்தில் அரசமைப்புப்படி ஆட்சி நடத்த இயலாத நிலை வந்துவிட்டதாக, ஆளுநரின் அறிக்கை வழியாகவோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால், அந்த மாநில ஆட்சிப் பொறுப்பை அவர் ஏற்கலாம். ‘வேறு வகையில்’ என்பது ஆங்கில மூலத்திலும் இரண்டே சொற்கள்தாம்.

அந்த இரண்டு சொற்களின் வரலாற்றைத் தேடிப் போகும் மாணவர் முதலில் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவுக்குப் போய்ச் சேர்வார். 1939-இல் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகிய பிறகு சென்னை மாகாணம் 1946 வரை ஆளுநர் ஆட்சியில் இருந்தது அந்தப் பிரிவின்படியே. பிறகு 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்துக்கு வருவார். ஆளுநர் அறிக்கை தராவிட்டாலும் ஒன்றிய அரசு தன் கடமையைச் செய்ய இடம் வேண்டும் என்ற காரணத்தோடு அம்பேத்கர் இந்தச் சொற்களுக்கு விளக்கம் தந்ததையும், இந்த உறுப்பு பயன்படாமலே இருக்கும் என்று அவர் நம்பிக்கை தெரிவித்ததையும் அங்கே காண்பார். அடுத்த நிறுத்தம் 1991 ஜனவரி 30. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்த நிலையில், தமிழ்நாட்டின் திமுக ஆட்சி ‘வேறு வகையில்’ என்ற சொற்களின் துணையோடு கலைக்கப்பட்டது. 1976 ஜனவரி 31-இல் நடந்த முந்தைய திமுக ஆட்சிக் கலைப்போடு இதை வைத்துப் பார்த்தால், ஒரே உறுப்பு வெவ்வேறு சூழலில் எப்படி இயங்குகிறது என்பது துலங்கும்.

கடைசி நிறுத்தம் 1994 மார்ச் 11: எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. ஓர் அமைச்சரவைக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்றும், கலைப்பு அறிவிக்கை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் அது நிலைநாட்டியது. தீர்ப்புக்குப் பிறகு 356 பயன்பட்ட முறைகள் குறைந்தன. அதற்குக் காரணம் தீர்ப்பு மட்டும்தானா, அல்லது ஒன்றியத்தில் மாநிலக் கட்சிகளின் தயவில் நின்ற கூட்டணி ஆட்சிகளுமா? சட்ட மாணவர் தீர்ப்போடு நின்றுகொள்ளலாம். அரசியல் அறிவியல் மாணவருக்கு இந்தக் கேள்வியில்தான் வேலை தொடங்குகிறது.

ஒப்பிடுதல்

கிரேக்க நகரங்கள் முதலியவற்றின் ஆட்சி அமைப்புகள் 158-ஐ அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் தொகுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் ஏதென்ஸ் பற்றியது மட்டுமே, எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-இல் அச்சேறியது. இத்துறையின் முதல் பேராசான் ஒப்பீட்டுக்கான தரவு திரட்டியவர் என்பது நினைவில் நிற்க வேண்டிய செய்தி. ஒரு நாட்டை மட்டும் அறிந்தவர், அங்கே உள்ளவற்றில் எது வழமை, எது விதிவிலக்கு என்று அறிய முடியாது.

ஒப்பீட்டின் பயனைத் தமிழ் வாசகருக்கு 1956 என்ற ஆண்டே காட்டும். அந்த ஆண்டு ஜூனில் இலங்கை நாடாளுமன்றம் சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பர் 1-இல் இந்தியாவில் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தது. இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள். இரண்டிலும் நாடாளுமன்ற ஆட்சி முறை. இரண்டிலும் பெரும்பான்மையிலிருந்து மொழியால் வேறுபட்ட தமிழர். சொல்லப்போனால், 1931 முதலே அனைவருக்கும் வாக்குரிமை பெற்றிருந்த இலங்கைக்கே மக்களாட்சி எதிர்காலம் ஒளிமிக்கது என்று அன்றைய பலர் எண்ணியிருக்கக்கூடும். பின்னர் நடந்தது நேர்மாறு. தனிநாடு கேட்ட திமுக 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967-இல் மாநில ஆட்சியைப் பிடித்தது. கூட்டாட்சி கேட்ட இலங்கைத் தமிழ் அரசியல் எழுபதுகளில் தனிநாட்டுக் கோரிக்கைக்குத் தள்ளப்பட்டது. 1983 முதல் 2009 வரை போர் நீடித்தது.

ஆல்ஃபிரட் ஸ்டெப்பன், ஹுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் 2011-இல் வெளியிட்ட நூல் இந்த இணையை விரிவாக எடுத்துக்கொள்கிறது. பல பண்பாடுகளுக்கு இடம் தந்தே ஒரே அரசின்மீது பற்றை வளர்க்கும் அமைப்பை, ஒரே பண்பாட்டைத் திணிக்கும் தேசிய அரசிலிருந்து அவர்கள் வேறுபடுத்துகிறார்கள். மாணவர் இந்த முடிவை மனப்பாடம் செய்வதைவிட, ஒப்பீட்டின் பலவீனத்தைத் தேடுவது நல்லது. இந்தியாவில் எந்த ஒரு மொழியினரும் பாதிக்கு மேல் இல்லை. இலங்கையில் சிங்களவர் தெளிவான பெரும்பான்மை. அப்படியானால் விளைவுக்குக் காரணம் தலைவர்கள் தேர்ந்த கொள்கையா, மக்கள்தொகையின் அமைப்பா? 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதால் வாக்காளர் கணக்கே மாறியதை எங்கே வைப்பது? இப்படி மாற்று விளக்கங்களை அடுக்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பதே ஒப்பீட்டு முறை. இரு நாடுகளைப் பற்றி இரண்டு அத்தியாயம் எழுதி அடுத்தடுத்து வைப்பது ஒப்பீடு ஆகாது.

எண்ணைப் படித்தல்

அரசியல் படிக்க வருபவர்களில் பலர் கணக்குக்கு அஞ்சி வருபவர்கள். துறைக்குத் தேவையான கணக்கின் பெரும்பகுதி விழுக்காடும் விகிதமும்தான். அதைக் கூர்ந்து பார்க்கும் பழக்கமே அரிது. 2014 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி சுமார் 31 விழுக்காடு வாக்குகளோடு 543-இல் 282 இடங்களைப் பெற்றது. பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றும் ஓர் இடம்கூட வெல்லவில்லை. அதைவிடக் குறைந்த வாக்கு விகிதம், சுமார் 3.3 விழுக்காடு, பெற்ற அதிமுக 37 இடங்களை வென்றது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் கால் பங்குக்குச் சற்றே குறைவான வாக்குகளைப் பெற்ற திமுகவுக்கு ஓர் இடமும் இல்லை.

இதில் மோசடியும் மர்மமும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில், வாக்குகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும் கட்சி லாபம் அடையும், நாடெங்கும் மெலிதாகப் பரவியிருக்கும் கட்சி இழக்கும். இதைப் புரிந்துகொண்ட மாணவர், ‘மக்கள் தீர்ப்பு’ என்ற சொல்லைத் தலைப்புச் செய்தியில் பார்க்கும்போது எந்த விழுக்காட்டைப் பற்றிய பேச்சு என்று கேட்பார். விழுக்காட்டின் அடித்தளம் எது என்பதும் அவருக்கு முக்கியமாகும். கூட்டணியில் இருபது இடங்களில் மட்டும் நின்ற கட்சியின் மாநில அளவு வாக்கு விகிதம் மிகச் சிறிதாகத் தெரியும். நின்ற இடங்களில் அது பெற்ற விகிதம் நாற்பதைத் தாண்டியிருக்கலாம். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் இரண்டையும் தனித்தனியே தருகின்றன.

இன்னொரு பொறி நுட்பமானது. ஒரு சாதியினர் மிகுந்த தொகுதிகளில் ஒரு கட்சிக்கு வாக்கு கூடினால், அந்தச் சாதியினர் அந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்று எழுதிவிடுகிறோம். அதே தொகுதியில் உள்ள மற்றச் சாதியினர் எதிர்வினையாகத் திரண்டு வாக்களித்திருந்தாலும் இதே எண்கள் வரும். 1950-இல் டபிள்யூ.எஸ். ராபின்சன் இதை அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு நிறுவினார். தனிமனிதர் அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவரிடையே எழுத்தறிவின்மை சற்றுக் கூடுதல். தொடர்புக் கெழு 0.118. மாநிலங்களின் சராசரியை எடுத்தால் அது எதிர்த்திசையில் −0.526 ஆகிவிடுகிறது. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதே காரணம். கூட்டத்தின் சராசரியிலிருந்து தனிமனிதரின் நடத்தையை ஊகிக்கக் கூடாது என்ற இந்த ஒரு பாடம், தேர்தலுக்கு மறுநாள் வெளிவரும் கட்டுரைகளில் பாதியைச் சந்தேகத்தோடு வாசிக்கக் கற்றுத்தரும்.

மாதிரிக் கணக்கெடுப்பைப் பற்றிய பாடம் 1936-இல் இருக்கிறது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அதைவிடப் பன்மடங்கு சிறிய மாதிரியோடு கேலப் நிறுவனம் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது. கார் வைத்திருந்தவர், தொலைபேசி வைத்திருந்தவர் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்ததும், சீட்டை நிரப்பி அனுப்பும் ஆர்வம் ஒரு சாராரிடம் கூடுதலாக இருந்ததும் இதழைக் கவிழ்த்தன. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதற்கு முன்னால் யாரைக் கேட்டோம், யார் பதில் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும்.

காரணத்தை நிறுவுதல்

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து நடப்பதைக் காட்டுவது எளிது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று காட்டுவது கடினம். பெண்கள் தலைமை ஏற்ற ஊராட்சிகளில் குடிநீர் வசதி மேம்பட்டிருந்தால், பெண் தலைவர்தான் காரணமா? முன்னரே விழிப்புணர்வு மிகுந்த ஊர்கள்தாம் பெண்ணைத் தேர்ந்தெடுத்தனவா? 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் இந்த முடிச்சை அவிழ்க்க எதிர்பாராத வழியொன்றைத் தந்தது. தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊருக்கு அது வாய்க்கும் என்பது சில மாநிலங்களில் ஊரின் தன்மையைப் பொறுத்திராமல் சமவாய்ப்பு முறையில் முடிவானது. ஆகவே ஒதுக்கீடு பெற்ற ஊர்களும் பெறாத ஊர்களும் மற்ற எல்லா வகையிலும் சராசரியாக ஒத்திருந்தன.

ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். இரு இடங்களிலும் பெண் தலைவர்கள் குடிநீரில் கூடுதலாக முதலீடு செய்தனர். சாலை விஷயத்தில் இரண்டும் பிரிந்தன: மேற்கு வங்கத்தில் கூடுதல், ராஜஸ்தானில் குறைவு. அந்தந்தப் பகுதிப் பெண்கள் எழுப்பிய கோரிக்கைகளோடு இந்த வேறுபாடு ஒத்துப்போனது. ‘பெண்கள் வந்தால் நல்லாட்சி’ என்ற பொதுவாக்கியத்தைவிட இது குறுகிய முடிவு, ஆனால் உறுதியானது.

எல்லாக் கேள்விக்கும் இப்படிப்பட்ட சோதனை வாய்க்காது. தமிழ்நாட்டில் மக்கள்நலத் திட்டங்கள் ஏன் வேரூன்றின என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பிரேர்ணா சிங் 2015-இல் வெளியிட்ட நூலில் ‘நாம் ஒரு மக்கள்’ என்ற மாநில உணர்வை முன்னிறுத்துகிறார். நரேந்திர சுப்பிரமணியன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு திராவிடக் கட்சிகளின் அமைப்பையும் அவை திரட்டிய சமூகப் பிரிவுகளையும் கவனிக்கிறது. இரு கட்சிப் போட்டியே காரணம் என்பது செய்தித்தாள்களில் மிகுதியாகக் கேட்கும் விளக்கம். இவற்றைச் சோதிக்கக் காலவரிசை கைகொடுக்கும். பள்ளி மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் ஆட்சி 1956 முதல் விரிவாக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் 205 இடங்களில் 151-ஐ வென்றது. கடும் போட்டி இல்லாத காலத்தில் பிறந்த திட்டத்துக்குப் போட்டியைக் காரணமாகச் சொல்ல முடியாது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததற்கும், பிறகு எந்த ஆட்சியும் அதைக் கைவிடாததற்கும் போட்டி விளக்கம் பொருந்தக்கூடும். ஒரு திட்டம் பிறப்பதற்கான காரணமும் நிலைப்பதற்கான காரணமும் வேறாக இருக்கலாம் என்று கண்டுகொள்ளும் மாணவர் பாதி ஆய்வை முடித்துவிட்டார்.

களமும் அதன் அறமும்

நூலகத்தில் கிடைக்காத அரசியல் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கும். கேள்வி பெண் தலைவரிடம் கேட்கப்படுகிறது. பதில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கணவரிடமிருந்து வருகிறது. அனுபவமற்ற மாணவர் அந்தப் பதிலைத் தலைவரின் பதிலாகக் குறித்துக்கொள்வார். தேர்ந்தவர் யார் பேசினார், தலைவர் எப்போது இடைமறித்தார், எந்தப் பொருளில் கணவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார் என்பதையும் குறிப்பார். இன்னொரு நாள் நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய் அதே தலைவரைத் தனியே பார்ப்பார். சில ஊர்களில் கணவர் வெறும் ஓட்டுநர் என்பதும், எல்லா முடிவும் தலைவருடையது என்பதும் அப்போது தெரியவரும்.

கேட்கப்போகும் மாணவரையும் ஊர் கேள்வி கேட்கும். ‘தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பது பெரும்பாலும் சாதியை அறியும் சுற்றுவழி. அந்தக் கேள்விக்குப் பிறகு எந்தத் திண்ணையில் உட்காரவைக்கப்பட்டார், யார் வீட்டில் தண்ணீர் கிடைத்தது, எந்தத் தெருவுக்குப் போக வேண்டாம் என்று தடுக்கப்பட்டார் என்பவை அவருடைய தரவின் எல்லையைத் தீர்மானிக்கின்றன. அதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுவது நேர்மை.

தகவல் தருபவருக்கு ஆய்வின் நோக்கத்தைச் சொல்லி இசைவு பெறுவது முதல் விதி. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ‘இன்ன ஒன்றியத்தின் ஒரே பட்டியலினப் பெண் தலைவர்’ என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம். மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேட்டி தந்தவர் அதே ஊரில் அதே மனிதர்களோடு வாழ வேண்டும்.

நியாயத்தை வாதிடுதல்

உண்மை என்ன என்ற கேள்வியும் எது நியாயம் என்ற கேள்வியும் வேறு வேறு என்று மாக்ஸ் வெபர் 1917-இல் மூனிக் நகரில் ஆற்றிய உரையில் வலியுறுத்தினார். நியாயத்தைப் பற்றி அறிவார்ந்து பேச முடியாது என்பது அதற்குப் பொருளன்று. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதே பொருள். இடஒதுக்கீட்டு விவாதம் இதைக் கற்க ஏற்ற களம். ஒதுக்கீட்டால் அரசுப் பணிகளில் எந்தப் பிரிவினரின் பங்கு எவ்வளவு கூடியது என்பது சான்றால் தீரும் கேள்வி. 1992-இன் இந்திரா சகானி தீர்ப்பு வகுத்த 50 விழுக்காட்டு வரம்பும், 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் வழி ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்ற தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுச் சட்டமும் எப்படி ஒத்துவாழ்கின்றன என்பது சட்டக் கேள்வி. கடந்தகால அநீதிக்கு ஈடு, சமவாய்ப்பு, அதிகாரப் பகிர்வு இவற்றுள் எது ஒதுக்கீட்டின் அடிப்படை என்பது நியாயக் கேள்வி. அதற்கு அம்பேத்கரையும் பெரியாரையும் ஜான் ரால்ஸையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் வலிமையோடு எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்கத் தெரிந்தவரே இந்தத் தாளில் தேர்ந்தவர்.

எழுதுதல்

மேற்சொன்ன எல்லாம் ஆய்வேட்டில் வந்து சேர்கின்றன. ஆய்வேடுகளின் முதல் குறை தலைப்பிலேயே தெரியும். ‘உள்ளாட்சியில் பெண்களின் பங்கு: ஓர் ஆய்வு’ என்பது ஒரு பொருள், கேள்வி இல்லை. ‘ஒதுக்கீடு நீங்கிய பிறகும் சில ஊராட்சிகளில் பெண்கள் மீண்டும் போட்டியிடுகிறார்கள், சிலவற்றில் ஒதுங்கிவிடுகிறார்கள், ஏன்?’ என்பது கேள்வி. கேள்வி கிடைத்துவிட்டால் எந்த ஊர்களுக்குப் போவது, எதைக் கேட்பது, எதை விட்டுவிடுவது என்பவை தாமாகத் தெளிவாகும்.

முதுகலை மாணவரின் எழுத்து எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1916 மே 9-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்க வகுப்பில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகளின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி பற்றிக் கட்டுரை படித்தார். அம்பேத்கரின் அந்தக் கட்டுரை செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகியோரின் வரையறைகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எடைபோடுகிறது. பின் சாதிக்கே உரிய கூறு அகமணம் ஒன்றுதான் என்று வரையறையை இறுக்குகிறது. ஒரு குழு அகமணத்தைக் காக்க வேண்டுமானால் அதற்குள் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். துணையை இழந்து மிஞ்சும் பெண்ணும் ஆணும் சிக்கலாவார்கள். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அந்தச் சிக்கலைச் சமாளிக்கும் வழிகள் என்று இயங்குமுறையைப் படிப்படியாகக் காட்டுகிறது. முன்னோர் சொன்னதன் மதிப்பீடு, கூர்மையான வரையறை, காரண விளக்கம் மூன்றும் ஒரு வகுப்புக் கட்டுரைக்குள் அடங்கியிருக்கின்றன. மறு ஆண்டு அது ஆய்விதழில் வெளியானது.

பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே காட்டுவது, தன் சான்று எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரம் மட்டுமே முடிவை நீட்டுவது, தன் முடிவுக்கு எதிரான சான்றை அடிக்குறிப்பில் ஒளித்துவைக்காமல் உடலிலேயே வைப்பது ஆகிய மூன்றும் எழுத்தின் ஒழுக்கம். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி வரும் இடமும் பெரும்பாலும் இதுவே.

படிப்பின் பயன்

இந்தப் பட்டம் பெறுபவர்களில் சிலரே முனைவர் பட்டத்துக்கும் கல்லூரிப் பணிக்கும் போவார்கள். நெட், செட் தேர்வுகளும் குடிமைப் பணித் தேர்வும் பலரின் உடனடி இலக்கு. வேறு சிலர் இதழியலுக்கும் சட்டத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கட்சிப் பணிக்கும் போவார்கள். தேர்வுக்கான பாடக் குறிப்புகள் தேர்வோடு பழையதாகிவிடும். கருத்துக்கணிப்பு ஒன்றைப் பார்த்ததும் யாரிடம் கேட்கப்பட்டது என்று விசாரிக்கும் செய்தியாளருக்கும், திட்டம் வெற்றி என்ற அறிக்கையைப் பார்த்ததும் திட்டம் வராத ஊர்களின் நிலையைக் கேட்கும் அதிகாரிக்கும், எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு புரிந்துகொண்ட பிறகே பேச எழும் உறுப்பினருக்கும் பயிற்சி ஒன்றே.

இரண்டு ஆண்டுகள் கழித்தும் மாணவர் அதே கட்சியை ஆதரிக்கலாம், அதே கொள்கையை எதிர்க்கலாம். அதைப் பற்றிப் பல்கலைக்கழகம் கவலைப்பட வேண்டியதில்லை. தம் நிலைப்பாட்டைத் தாங்கும் சான்று எது, அதைச் சாய்க்கக்கூடிய சான்று எது என்று ஒரு பக்கத்துக்குள் அவரால் எழுத முடிந்தால் படிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.